மணம் முறிந்தபின் வதிவிட உரிமை: ஒரு மறுப்பு

திருமணத்தின் வழியாக ஒரு நாட்டில் குடியேறியவர், அந்தத் திருமணம் முறிந்தால் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும் என்னும் கருத்து ஐரோப்பாவில் பரவலாக நிலவுகிறது. கட்சி மேடைகளில் அது ஒலிக்கிறது. சட்டங்களின் அமைப்பில் அது ஊறியிருக்கிறது. குடியேறி வாழும் சமூகங்களும் அதை நியாயம் என்றே ஏற்றுக்கொண்டிருக்கின்றன. வந்த காரணம் போனால் இருக்கும் உரிமையும் போகும் என்பது அதன் அடிப்படை. விட்டுவைத்தால் போலித் திருமணங்கள் பெருகும், அரசின் உதவிப் பணத்துக்குச் சுமை கூடும், உண்மையில் துன்பப்பட்டவர்களுக்குச் சட்டத்தில் விதிவிலக்கு ஏற்கெனவே இருக்கிறது என்று அதற்கு முட்டுக்கொடுக்கும் வாதங்களும் உண்டு. ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவற்றின் சட்டங்களையும் தீர்ப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த வாதங்களில் ஒன்றும் தேறுவதில்லை. 1980களில் அகதிகளாகச் சென்ற ஈழத் தமிழர்கள் இவ்விரு நாடுகளிலும் வேரூன்றி, ஊரிலிருந்து மணமக்களை வரவழைத்துக் குடும்பம் அமைத்தவர்கள் என்பதால், தமிழர்களில் ஒரு பகுதியினருக்கு இது நேரடியான வாழ்க்கைப் பிரச்சினையும்கூட.

முதலில் சட்டம் எதை அளக்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஜெர்மனியின் வதிவிடச் சட்டத்தில் 31ஆம் பிரிவு இதற்கானது. கணவனும் மனைவியும் ஜெர்மன் மண்ணில், உரிய அனுமதியோடு, குறைந்தது மூன்று ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்திருந்தால், பிரிவுக்குப் பிறகு மற்றவரைச் சாராத தனி வதிவிட அனுமதி முதலில் ஓராண்டுக்குக் கிடைக்கும். ஜெர்மன் குடிமக்களை மணந்தவர்களுக்கும் இதே விதிதான். இங்கே கணக்கில் வருவது மணமான காலம் அன்று. ஊரில் தாலி கட்டி, விசாவுக்காக இரண்டு ஆண்டுகள் காத்திருந்தால், அந்த இரண்டு ஆண்டுகள் கணக்கில் சேராது. அதேபோல் கணக்கு முடியும் நாள் விவாகரத்துத் தீர்ப்பின் நாளும் அன்று. சேர்ந்து வாழ்வது எப்போது நின்றதோ அந்த நாளோடு கணக்கு நின்றுவிடும். விவாகரத்துக் கையெழுத்தாகும்வரை விசாவுக்கு ஆபத்தில்லை என்று பலரும் நம்பியிருப்பது இந்த இடத்தில்தான் பொய்த்துப்போகிறது. ஜெர்மனியில் விவாகரத்துக் கேட்பதற்கே பொதுவாக ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஒரே வீட்டுக்குள் தனித்தனியாக வாழ்வதும் பிரிவாகவே கொள்ளப்படும். ஆகவே குடும்பநல நீதிமன்றம் வழக்கைக் கையில் எடுக்கும்போது வதிவிடத்தின் தலைவிதி பெரும்பாலும் தீர்மானிக்கப்பட்டிருக்கும். அனுமதி அட்டையில் இன்னும் காலம் மிச்சமிருந்தாலும், அது வழங்கப்பட்ட அடிப்படை இல்லாமல் போய்விட்டது என்று வெளிநாட்டவர் அலுவலகம் அந்தக் காலத்தைக் குறைத்துவிட முடியும்.

இந்த மூன்று ஆண்டுகள் எங்கிருந்து வந்தன? திருமணத்தின் இயல்பிலிருந்து வரவில்லை. 1991இல் நடைமுறைக்கு வந்த வெளிநாட்டவர் சட்டம் நான்கு ஆண்டுகள் கேட்டது. 2000ஆம் ஆண்டில் அது இரண்டாகக் குறைந்தது. 2011 ஜூலை 1 முதல் மூன்றாக உயர்ந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் ஒரே நாட்டில் நான்கு, இரண்டு, மூன்று என்று மாறிய எண் இது. ஒவ்வொரு மாற்றமும் அந்தந்த நேரத்து நாடாளுமன்றப் பெரும்பான்மையின் முடிவு. திருமணம் முடிந்தால் உரிமை முடிவது இயற்கை நீதி என்று சொல்பவர்கள், 2010இல் இரண்டரை ஆண்டு சேர்ந்து வாழ்ந்து பிரிந்தவருக்கு இருந்த நீதி 2012இல் எப்படி இல்லாமல் போனது என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

அடிப்படை வாதத்தைச் சோதிக்க அதே 31ஆம் பிரிவே போதும். துணைவர் இறந்துவிட்டால் மூன்று ஆண்டு நிபந்தனை கிடையாது. மணமாகி வந்து ஆறு மாதத்தில் கணவனை இழந்த பெண்ணும் தனி அனுமதி பெறத் தகுதியுடையவள். வந்த காரணம் போனால் உரிமையும் போக வேண்டும் என்பது உண்மையான கொள்கையாக இருந்தால், மரணம் அதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. திருமணம் அங்கே ஐயத்துக்கு இடமின்றி முடிந்துவிட்டது. ஆனாலும் அந்தப் பெண்ணை விமானம் ஏற்ற வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. அவள் மீது பழி சொல்ல ஏதுமில்லை என்பதும், வாழ்க்கையை இங்கே அமைத்துக்கொண்டுவிட்டாள் என்பதும் எல்லோருக்கும் தெரிகிறது. அப்படியானால், திருமணம் முடிந்தது என்பது மட்டும் நாடு கடத்தலுக்குக் காரணம் ஆவதில்லை. பிரிந்தவர் மீது மட்டும் ஒரு குற்றச் சாயல் படிந்திருக்கிறது. காலம் என்ற தண்டனை அந்தச் சாயலுக்காக விதிக்கப்படுகிறது. பிரிந்து போனவர் அவரா, கைவிடப்பட்டவர் அவரா என்று சட்டம் கேட்பதுகூட இல்லை. கணவன் ஒருநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியேறினாலும் மனைவியின் கணக்கு அன்றே நின்றுபோகும்.

இதில் மறைந்திருக்கும் அதிகார ஏற்பாடு கவனிக்கத்தக்கது. யார் நாட்டில் இருக்கலாம், யார் போக வேண்டும் என்று முடிவெடுப்பது அரசின் வேலை. துணைவரைச் சார்ந்த அனுமதி அந்த முடிவை ஒரு தனிமனிதரின் கையில் கொடுக்கிறது. அவர் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு "நாங்கள் பிரிந்துவிட்டோம்" என்று ஒரு கடிதம் எழுதினால் போதும்; விசாரணை தொடங்கிவிடும். வீட்டுக்குள் நடக்கும் ஒவ்வொரு சச்சரவிலும் இந்தக் கடிதம் எழுதப்படாமலே பேசுகிறது. மொழி தெரிந்தவர், வங்கிக் கணக்கு வைத்திருப்பவர், அலுவலகக் கடிதங்களைப் படிக்கக்கூடியவர் ஒருவர். மற்றவர் அவரை நம்பி வந்தவர். ஏற்கெனவே சமமில்லாத இந்த உறவில் சமமின்மையை அரசே முத்திரை குத்திப் பெரிதாக்குகிறது.

போலித் திருமண வாதம்தான் எல்லாவற்றிலும் செல்வாக்கு மிக்கது. 2011இல் ஜெர்மனி இரண்டை மூன்றாக்கியபோது சொல்லப்பட்ட காரணமும் அதுவே. ஆனால் போலியைக் கண்டுபிடிக்கும் இடம் வாசல். ஜெர்மன் தூதரகங்கள் விசா கொடுக்குமுன் கேள்வி கேட்கின்றன. ஐயம் எழுந்தால் இருவரையும் ஒரே நேரத்தில் வெவ்வேறு இடங்களில் தனித்தனியே விசாரிக்கின்றன. 2007 முதல், வரவிருக்கும் துணைவர் பெரும்பாலும் அடிப்படை ஜெர்மன் மொழித் தேர்வில் தேறிய சான்றிதழோடு வர வேண்டும். சென்னையிலும் கொழும்பிலும் உள்ள கெத்தே நிறுவன வகுப்புகளில் புதுமணப் பெண்கள் உட்கார்ந்திருப்பது அதற்காகத்தான். வதிவிடத்துக்காக மட்டும் செய்துகொண்ட திருமணத்துக்கு அனுமதி இல்லை என்று 27ஆம் பிரிவு சொல்கிறது. பொய்த் தகவல் தந்து அனுமதி பெறுவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பின்னாளில் பொய் வெளிப்பட்டால் கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறலாம். இவ்வளவு கருவிகள் இருக்கும்போது மூன்று ஆண்டுக் காத்திருப்பு புதிதாக யாரைப் பிடிக்கிறது? பணம் கொடுத்துப் போலியாக மணந்தவருக்கு முகவரியை ஒரே இடத்தில் பதிந்துவைத்துக்கொண்டு மூன்று ஆண்டுகள் பொறுமையாக இருப்பது கடினமில்லை. அவர்களுக்குள் அடி இல்லை, அவமானம் இல்லை, பிரிந்தே ஆக வேண்டிய நெருக்கடி இல்லை. காலக்கெடுவால் அகப்படுபவர், உண்மையாக மணந்து, உண்மையாக வாழ முயன்று, தாங்க முடியாமல் வெளியேறியவர்தான். போலிக்கு விரித்த வலையில் மெய்யானவரே மாட்டுகிறார்.

இந்த அச்சம் எப்படி உருவாக்கப்படுகிறது என்பதற்கு அமெரிக்காவில் பதிவான ஒரு வரலாறு உண்டு. 1985இல் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில், துணைவர் வழி வரும் விண்ணப்பங்களில் ஏறத்தாழ 30 விழுக்காடு போலி என்று குடிவரவுத் துறை சாட்சியம் அளித்தது. அந்த எண்ணின் பலத்தில் 1986இல் சட்டம் நிறைவேறியது: மணமாகி இரண்டு ஆண்டு ஆகாதவர்களுக்கு நிபந்தனையோடு கூடிய இரண்டாண்டு வதிவிட அட்டை, அந்த நிபந்தனையை நீக்க இருவரும் சேர்ந்து மனுப் போட வேண்டும். பின்னர் நீதிமன்ற வழக்குகளில் அந்த ஆய்வின் உள்விவரம் வெளிவந்தது. எண்ணப்பட்டவை நிரூபணமான போலித் திருமணங்கள் இல்லை, அதிகாரிகள் சந்தேகப்பட்ட கோப்புகள். கணக்கெடுத்த முறையும் புள்ளியியல் முறைப்படி செல்லாதது. சட்டம் மட்டும் நிலைத்துவிட்டது. தொடக்கத்தில், விவாகரத்தை நல்ல காரணத்தோடு வெளிநாட்டுத் துணைவரே தொடங்கியிருந்தால்தான் தனியாக மனுப் போட முடியும் என்ற கொடுமையும் அதில் இருந்தது. 1990இல் அது நீக்கப்பட்டது. யார் தொடங்கியிருந்தாலும், நல்லெண்ணத்தோடு மணந்தேன் என்று காட்டினால் போதும் என்றானது. அடிபட்டவருக்குத் தனி விலக்கும் அப்போதுதான் சேர்ந்தது. 1994இல், துணைவரின் தயவில்லாமல் அவர் தாமே விண்ணப்பிக்கும் வழியும் திறந்தது. ஆதாரமற்ற ஓர் எண்ணின் மேல் கட்டிய சட்டத்தை எட்டு ஆண்டு காலம் செப்பனிட வேண்டியிருந்தது.

விதிவிலக்கு இருக்கிறதே என்பது அடுத்த வாதம். மென்மையாகப் பேசுபவர்கள் இதைத்தான் சொல்வார்கள். அதனாலேயே இதை நிதானமாக ஆராய வேண்டும். ஜெர்மன் சட்டம் 'தனிப்பட்ட கடுந்துன்பம்' இருந்தால் மூன்று ஆண்டைத் தள்ளிவைக்கிறது. துணைவரின் வன்முறையால் சேர்ந்து வாழச் சொல்வது நியாயமில்லை என்ற நிலை, குழந்தையின் நலன், நாடு திரும்பினால் நேரும் கடும் பாதிப்பு ஆகியவை அதற்குள் வரும். எழுத்தில் தாராளமாகத் தெரியும் இந்த விதி நடைமுறையில் ஒரு நிரூபணச் சுமையாக மாறுகிறது. அடி விழுந்த அன்றே மருத்துவரிடம் போனதா, காவல்துறை வந்ததா, பெண்கள் காப்பகத்தில் தங்கியதா, அதற்குத் தாள் இருக்கிறதா என்று கோப்பு கேட்கிறது. ஊரும் மொழியும் புரியாத இடத்துக்கு வந்து ஓராண்டுகூட ஆகாத ஒருத்திக்கு எந்த எண்ணை அழைப்பது என்றே தெரியாது. அழைத்துவிட்டால் கணவன் சிறைக்குப் போவான், விசா போகும், ஊரில் தங்கையின் திருமணம் நிற்கும் என்று அவளுக்குச் சொல்லப்பட்டிருக்கும். கடவுச்சீட்டு எங்கே பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது என்பதும் தெரியாத நிலையில் அவள் சான்று சேகரித்திருக்க வேண்டும் என்று அலுவலகம் எதிர்பார்க்கிறது. உடலில் காயம் தெரியாத கொடுமைகளுக்கு, அதாவது வீட்டில் பூட்டி வைப்பதற்கும், கைப்பேசியைப் பறிப்பதற்கும், நாள்தோறும் இழிவுபடுத்துவதற்கும், சான்று கிடைப்பது இன்னும் அரிது.

நாடு திரும்பினால் நேரும் பாதிப்பு என்ற பிரிவும் இப்படித்தான் சுருங்குகிறது. திரும்பிப் போகும் எவருக்கும் வரக்கூடிய பொதுவான சிரமங்கள் போதாது, தனிப்பட்ட முறையில் கூடுதலான பாதிப்பு வேண்டும் என்பது நீதிமன்றங்களின் பொது நிலை. யாழ்ப்பாணத்துக்கோ தஞ்சாவூருக்கோ விவாகரத்தோடு திரும்பும் பெண் எதைச் சந்திக்கிறாள் என்பதை அந்த ஊர்க்காரர் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. சீதனத்துக்காகக் காணியை ஈடு வைத்த வீட்டில் அவளுக்கு இடம் எப்படிப்பட்டதாக இருக்கும், உறவினர் முகம் எப்படிப்பட்டதாக இருக்கும் என்பவை அங்கே தெரிந்த செய்தி. அது அந்தச் சமூகத்தில் பொதுவாக நடப்பது என்பதாலேயே, அலுவலகக் கோப்பில் அது தனிப்பட்ட துன்பமாகக் கணக்கில் வராமல் போகக்கூடும். எல்லோரும் படுவது என்பதால் ஒருத்தி படுவது சிறிதாகிவிடுகிறது.

சுவிட்சர்லாந்தில் இந்த விதிவிலக்கின் கதை நன்கு பதிவாகியிருக்கிறது. 2008இல் நடைமுறைக்கு வந்த அந்நாட்டுச் சட்டத்தின் 50ஆம் பிரிவு, மூன்று ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்திருப்பதோடு நாட்டு வாழ்வில் நன்கு இணைந்திருக்கவும் வேண்டும் என்று கேட்கிறது. இரண்டில் ஒன்று குறைந்தாலும் உரிமை இல்லை. சில வாரங்கள், சில நாட்கள் குறைந்தாலும் மூன்று ஆண்டு என்பது மூன்று ஆண்டுதான் என்று கூட்டாட்சி நீதிமன்றம் கறாராகச் சொல்லியிருக்கிறது. வன்முறைக்கான விலக்கு உண்டு. ஆனால் அந்த வன்முறை 'ஒரு குறிப்பிட்ட தீவிரத்தை' எட்டியிருக்க வேண்டும், திட்டமிட்டுத் தொடர்ந்திருக்க வேண்டும் என்று தீர்ப்புகள் வரையறுத்தன. எத்தனை அடி போதும் என்று அளக்கும் வேலை அதிகாரிகளுக்கும் நீதிபதிகளுக்கும் வந்து சேர்ந்தது. முழு உரிமையாக இது சுவிஸ் குடிமக்களையும் நிரந்தர வதிவிடம் உள்ளவர்களையும் மணந்தவர்களுக்கு மட்டுமே இருந்தது. ஆண்டுதோறும் புதுப்பிக்கும் அனுமதி வைத்திருப்பவரின் மனைவிக்கு அதிகாரியின் விருப்புரிமைதான் கதி. தற்காலிக ஏற்பு என்ற நிலையில் பல ஆண்டுகள் கழித்த ஈழத் தமிழர் குடும்பங்கள் இதனால் அந்த உரிமைக்கு வெளியிலேயே நின்றன. பாராளுமன்றம் 2024 ஜூனில் சட்டத்தைத் திருத்தி, 2025 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. அனுமதியின் வகை எதுவானாலும் வன்முறைக்குள்ளானவருக்கு உரிமை உண்டு. மருத்துவர் அறிக்கை, காவல்துறைப் பதிவு, உதவி மையத்தின் உறுதிச் சான்று போன்றவற்றைக் கட்டாயம் கருத்தில் கொள்ள வேண்டும் என்று சட்டமே எழுதிவிட்டது. விதிவிலக்கு ஏற்கெனவே போதுமானதாக இருந்திருந்தால் அந்தப் பாராளுமன்றம் இவ்வளவு தூரம் திருத்தியிருக்க வேண்டியதில்லை.

பெண்களுக்கு எதிரான வன்முறையைத் தடுக்கும் இஸ்தான்புல் உடன்படிக்கையும் இதே கதையைச் சொல்கிறது. 2011 மே 11 அன்று கையெழுத்துக்கு வைக்கப்பட்ட அந்த உடன்படிக்கையின் 59ஆம் பிரிவு, துணைவரைச் சார்ந்த அனுமதியில் இருப்பவர் மிகக் கடினமான சூழ்நிலையில் பிரிந்தால், திருமணம் எவ்வளவு காலம் நீடித்தது என்று பாராமல் தனி அனுமதி தர வேண்டும் என்கிறது. ஜெர்மனி முதல் நாளிலேயே கையெழுத்திட்டது. அதே ஆண்டு, அதற்கு ஐம்பத்தொரு நாள் கழித்து, மூன்று ஆண்டு விதி அந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. 2018இல் உடன்படிக்கை ஜெர்மனிக்குச் செல்லுபடியானபோதும் 59ஆம் பிரிவின் இரண்டு பகுதிகளுக்குக் கட்டுப்பட மாட்டோம் என்று எழுதிவைத்திருந்தது. அந்த விலக்கு 2023 பிப்ரவரி வரை நீடித்தது. ஐந்து ஆண்டுகள் என்பது வன்முறைக்கு ஆட்பட்டவரின் வாழ்க்கையில் நீண்ட காலம்.

இது பெண்களை மட்டும் தாக்கும் சட்டமும் இல்லை. வேறோர் உறுப்பு நாட்டில் வாழும் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களின் வெளிநாட்டுத் துணைவர்களுக்கு ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு நெறிமுறையில் வேறு கணக்கு உண்டு. திருமணம் மூன்று ஆண்டு நீடித்து, அதில் ஓராண்டு அந்த நாட்டில் கழிந்திருந்தால், விவாகரத்துக்குப் பின்னும் தங்கலாம். ஜெர்மன் உள்நாட்டு விதியைவிட இது தயவானது. மணமான நாளிலிருந்து விவாகரத்து மனுவின் நாள்வரை கணக்கிடுகிறது. ஆனால் இதிலும் ஒரு பள்ளம் இருந்தது. இந்தியா, கேமரூன், எகிப்து ஆகிய நாடுகளைச் சேர்ந்த மூன்று கணவர்கள் அயர்லாந்தில் தொடுத்த வழக்கில் 2015 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியரின் திருமணம் நான்கு ஆண்டுக்கு மேல் நீடித்திருந்தது. லாத்வியக் குடிமகளான மனைவி 2010 பிப்ரவரியில் அயர்லாந்தை விட்டுப் போய், அதே ஆண்டு செப்டம்பரில் தன் நாட்டில் விவாகரத்து மனுப் போட்டார். மனுவுக்கு முன்பே அவர் நாட்டை விட்டுப் போய்விட்டதால் கணவரின் உரிமை அந்தப் பிப்ரவரியிலேயே செத்துவிட்டது என்பது தீர்ப்பின் சாரம். முதலில் மனு, பிறகு விமானம் என்று வரிசை மாறியிருந்தால் முடிவும் மாறியிருக்கும். அயர்லாந்து தன் உள்நாட்டுச் சட்டத்தில் அவர்களுக்குத் தற்காலிகமாக இடம் கொடுத்தது உண்மை; ஒன்றியச் சட்டம் கொடுக்கவில்லை. மனைவி எந்த மாதம் பயணச்சீட்டு எடுத்தார் என்பதைப் பொறுத்து ஒருவரின் பல ஆண்டு வாழ்க்கை செல்லும் செல்லாது என்று தீர்மானிப்பதை நியாயம் என்று எப்படி அழைப்பது?

2021 செப்டம்பரில் அதே நீதிமன்றம் வன்முறை வழக்குகளுக்கு மட்டும் இந்தப் பள்ளத்தை ஓரளவு மூடியது. பெல்ஜியத்தில் வாழ்ந்த ஓர் அல்ஜீரியர், பிரெஞ்சுக் குடிமகளான மனைவியின் வன்முறை தாங்காமல் 2015 மார்ச்சில் வீட்டை விட்டு வெளியேறினார். சில மாதங்களில் மனைவி மகளோடு பிரான்சுக்குப் போனார். துணைவர் நாட்டை விட்டுப் போன பிறகு மனுப் போட்டாலும் வன்முறைக்குள்ளானவரின் உரிமை நிற்கும், ஆனால் நியாயமான காலத்துக்குள் போட வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அவர் மனுப் போட்டது 2018 ஜூலையில். ஏறத்தாழ மூன்று ஆண்டு கடந்தது நியாயமான காலம் ஆகாது என்று அவருக்குப் பயன் கிட்டவில்லை. கொள்கை திருந்தியது, வழக்காடியவர் தோற்றார். அடிபட்டவர் உடனே வழக்கறிஞரிடம் ஓடுவார் என்ற எதிர்பார்ப்பு நல்ல தீர்ப்பிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

குழந்தை இருந்தால் வாதம் இன்னும் பலவீனமாகிறது. கணவன் மனைவி உறவு முடியும். தகப்பன் மகள் உறவு முடியாது. நெதர்லாந்தில் 1977இல் டச்சுப் பெண்ணை மணந்த மொரோக்கோ நாட்டவர் ஒருவருக்கு 1979இல் விவாகரத்தானது. அதே ஆண்டு மகள் பிறந்தாள். திருமணம் முடிந்துவிட்டது என்று அனுமதியைப் புதுப்பிக்க மறுத்து, 1984 ஜனவரியில் அவரை நாடு கடத்தினார்கள். அதுவரை அவர் வாரத்தில் நான்கு நாள், ஒவ்வொரு முறையும் பல மணிநேரம், மகளோடு இருந்துவந்தார். 1988 ஜூனில் ஸ்ட்ராஸ்பூர்க் மனித உரிமை நீதிமன்றம், இது குடும்ப வாழ்வுக்கான உரிமையை மீறியது என்று தீர்ப்பளித்தது. பெற்றோர் சேர்ந்து வாழாவிட்டாலும் குழந்தையோடான பந்தம் குடும்ப வாழ்வுதான் என்பது அன்றே நிலைநாட்டப்பட்டது. ஜெர்மன் சட்டத்திலும் ஜெர்மன் குழந்தையை வளர்க்கும் தாய்க்கும் தந்தைக்கும் தனி வழி இருக்கிறது. ஆனால் இந்த வழியை மட்டும் காட்டி மனம் ஆறிவிடக்கூடாது. இதில் உரிமை குழந்தையின் பெயரில் இருக்கிறது. பிள்ளை இல்லாதவரோ, பிள்ளைக்கும் ஜெர்மன் குடியுரிமை இல்லாதவரோ இதனால் காப்பாற்றப்படுவதில்லை.

உதவிப் பணச் சுமை என்ற வாதத்துக்குச் சட்டமே பாதி பதில் வைத்திருக்கிறது. முதல் ஓராண்டு அனுமதியை அரசு உதவி பெறுவது தடுக்காது. அதன் பிறகு நீட்டிக்கத் தன் வாழ்க்கைச் செலவைத் தானே பார்த்துக்கொள்ள முடிய வேண்டும். ஆகவே நிரந்தரச் சுமை என்ற பேச்சுக்கு இடமில்லை. மீதிப் பதில் குடும்பச் சட்டத்தில் இருக்கிறது. வதிவிட விவாதத்தில் மிகக் குறைவாகப் பேசப்படும் பகுதியும் அதுதான்.

ஜெர்மனியில் 1977 முதல் விவாகரத்தின்போது ஓய்வூதிய உரிமைகள் பங்கிடப்படுகின்றன. மணவாழ்வின்போது ஒருவர் வேலைக்குப் போய்ச் சேர்த்த ஓய்வூதியத்தில் பாதி, வீட்டில் இருந்து சமைத்து, பிள்ளை வளர்த்து, அவர் வேலைக்குப் போவதைச் சாத்தியமாக்கிய மற்றவருக்குப் போகும். மண ஒப்பந்தத்தில் வேறாகச் சொல்லாவிட்டால், சொத்தில் ஏற்பட்ட வளர்ச்சியும் அப்படியே ஈடுசெய்யப்படும். சுவிட்சர்லாந்தில் தொழில்முறை ஓய்வூதியத்தில் மணக்காலச் சேமிப்பு சரிபாதியாகப் பிரியும். மணவாழ்வில் ஈட்டியது இருவர் உழைப்பாலும் ஈட்டியது என்பது இந்தச் சட்டங்களின் அடித்தளம். சம்பளச் சீட்டு யார் பெயரில் இருந்தது என்று நீதிபதி பார்ப்பதில்லை. மூன்று ஆண்டுக்குக் குறைந்த மணவாழ்வென்றால் ஜெர்மனியில் ஓய்வூதியப் பங்கீடு தானாக நடக்காது, ஆனால் ஒருவர் கேட்டால் நடக்கும். கதவு அங்கே அடைபடுவதில்லை.

அதே நாட்டின் அதே மணவாழ்வு வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு வரும்போது ஒருவருக்கே சொந்தமாகிவிடுகிறது. இரண்டு ஆண்டு பத்து மாதம் ஒருத்தி அந்த வீட்டில் வாழ்ந்தாள், மொழி படித்தாள், துப்புரவு வேலைக்கோ உணவகச் சமையலறைக்கோ போய் வரி கட்டினாள், கணவனின் பெற்றோரைப் பார்த்துக்கொண்டாள். அவள் பெயரில் ஓய்வூதியப் பங்கு எழுதும் அரசு, அந்தப் பங்கை ஈட்டிய மண்ணில் இருக்கும் உரிமையை அவளுக்கு எழுத மறுக்கிறது. வதிவிடம் என்பது வீடு, வேலை, மொழி, நட்பு, வரி, பிள்ளையின் பள்ளி என்று நாளுக்கு நாள் சேரும் ஒன்று. அதைச் சேர்த்ததில் இருவருக்கும் பங்குண்டு. விசாவின் முதல் தாளில் மட்டும் கணவனின் பெயர் இருந்தது என்பதற்காக முழுவதையும் அவன் பக்கம் போடுவது, குடும்பச் சட்டம் எப்போதோ கைவிட்ட பழைய எண்ணத்தைக் குடிவரவுச் சட்டத்தில் உயிரோடு வைத்திருப்பதாகும். மற்ற அனுமதிகளில் இந்தப் பிடிவாதம் இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாணவராக வந்தவர் படிப்பு முடிந்ததும் வேலைக்கு மாறலாம். ஒரு நிறுவனத்துக்காக வந்தவர் வேறு நிறுவனத்துக்கு மாறலாம். வந்த காரணம் மாறினாலும் வாழ்க்கை தொடரலாம் என்று அங்கெல்லாம் சட்டம் ஏற்கிறது.

காலக்கெடுவை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் முன்மாதிரி உண்டு. கனடா 2012 அக்டோபரில், உறவு இரண்டு ஆண்டுக்கு மேற்படாத, பிள்ளை இல்லாத தம்பதியரின் துணைவர்களுக்கு, இரண்டு ஆண்டு சேர்ந்து வாழ்ந்தால்தான் நிரந்தர வதிவிடம் நிலைக்கும் என்ற நிபந்தனையைக் கொண்டுவந்தது. காரணம் அங்கேயும் போலித் திருமணம். கொடுமைக்குள்ளானவர்களுக்கு விலக்கும் இருந்தது. 2017 ஏப்ரலில் அந்த நிபந்தனையை அரசே நீக்கியது: விண்ணப்பங்களில் பெரும்பாலானவை உண்மையானவை, நிபந்தனையோ பாதிக்கப்பட்டவர்களைக் கொடுமைக்காரரோடு கட்டிப்போடுகிறது என்று அது ஒப்புக்கொண்டது. போலியைத் தேடும் வேலை விண்ணப்பம் வரும் நேரத்துக்குத் திரும்பியது. இன்று கனடாவில் துணைவராக ஏற்கப்பட்டவர் இறங்கும் நாளிலேயே தம் சொந்த நிரந்தர வதிவிடத்தோடு இறங்குகிறார்.

ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் அவ்வளவு தூரம் போகத் தயங்கினாலும் செய்யக்கூடியவை இருக்கின்றன. கணக்கை மணமான நாளில் தொடங்கலாம். ஒன்றியத்தின் நெறிமுறை ஏற்கெனவே அப்படித்தான் செய்கிறது. பிரிந்த நாளில் முடிக்காமல் விவாகரத்து மனுவின் நாளில் முடிக்கலாம். அப்போது ஒருவர் பெட்டி கட்டியதால் மற்றவர் உரிமை இழக்க மாட்டார். மூன்று ஆண்டுக்குச் சில வாரம் குறைந்தவரின் கோப்பை மூடாமல், அவர் வேலையும் மொழியும் சேர்த்த வேர்களையும் பார்த்து முடிவெடுக்க அதிகாரிக்குச் சட்டமே கட்டளையிடலாம். வன்முறை நடந்ததாக நம்பத்தகுந்த முறையில் சொல்லப்பட்டால், நடக்கவில்லை என்று காட்டும் பொறுப்பை அலுவலகத்தின் பக்கம் மாற்றலாம். இவற்றில் எதற்கும் புதிய துறையோ பெரிய செலவோ தேவையில்லை. ஜெர்மனியில் 31ஆம் பிரிவின் சில வரிகளையும் சுவிட்சர்லாந்தில் 50ஆம் பிரிவின் சில வரிகளையும் திருத்தினால் போதும்.